டெட்டால் ஊற்றிக் கழுவிய டப்பா

ப்ரீத்திக்கு ஒன்பது வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் அவள் நுரையீரலில் கோந்து போலச் சளியைத் தேக்கி வைத்திருந்தது. அவர்கள் குடியிருந்த புனே பக்கத்துச் சாங்வியில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் யாருமில்லை. அம்மா கோதை நாலைந்து பேரிடம் விளக்கிப் பார்த்துவிட்டு, ‘ஆஸ்துமா மாதிரி’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். கணவர் பரமசிவத்துக்கு மஸ்கட்டில் வேலை. ஞாயிறுதோறும் பத்து நிமிடம் போன், அவ்வளவுதான்.

2004 ஜூலையில் டாக்டர் ஒரு சேதி சொன்னார். இதே நோயுள்ள இன்னொரு சிறுமி சிஞ்ச்வட்டுக்குக் குடிவந்திருக்கிறாளாம். சனிக்கிழமை மூச்சுப் பயிற்சி வகுப்பில் இருவரும் சேரலாம். ஆனால் ப்ரீத்தியின் சளியில் சூடோமோனாஸ் என்ற கிருமி இருக்கக் கூடாது. இருந்தால் மற்றவளுக்கும் தொற்றிவிடும்.

செவ்வாயன்று சளி கொடுத்தார்கள். வெள்ளி காலை ரிப்போர்ட் வந்தது: கிருமி எதுவும் வளரவில்லை. ப்ரீத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள். மறுநாளைக்கு மஞ்சள் சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்தாள்.

மத்தியானம் லேபிலிருந்து ஜோசபின் போன் செய்தாள். கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி.

“ஏம்மா கோதை, சளி பிடிக்க நான் குடுத்த டப்பாவ என்ன பண்ணின?”

“நல்லாக் கழுவித்தானேக்கா குடுத்தேன்.”

“கழுவினியா! எதால?”

“டெட்டால் ஊத்தி. வெளியிலேருந்து வர்றது எதையும் கழுவாம இவ கிட்ட குடுக்க மாட்டேனே.”

“அரே பாப்ரே! அது கிருமி இல்லாம சீல் வெச்ச டப்பாம்மா. வாயில சாதாரணமா இருக்கிற கிருமிகூட வளரலியேன்னு அப்பவே எனக்கு உறுத்திச்சு. டெட்டால் மொத்தத்தையும் கொன்னுடுச்சு. இந்த ரிப்போர்ட் செல்லாது.”

கோதை கட்டிலில் கிடந்த மஞ்சள் சட்டையைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லலைன்னா யாருக்குக்கா தெரியப் போவுது?”



“எனக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும். அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத்தான் தெரியாது.”

கோதைக்கு முகம் சுட்டது. “புது டப்பா எடுத்து வைங்கக்கா, இப்பவே வர்றோம்” என்றாள்.

திங்களன்று ஜோசபினே கூப்பிட்டாள். புதுச் சளியை வளர்த்த தட்டு முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது. சூடோமோனாஸ்தான். மருந்து மாற்ற வேண்டும், வகுப்பு கிடையாது.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு, வகுப்பு தொடங்கும் அதே நேரத்தில், கோதை மகளைக் குப்புறப் படுக்க வைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். சளி இளகி வர வேண்டும்.

தலையணைக்குள்ளிருந்து ப்ரீத்தி கேட்டாள்: “அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?”

கோதையின் கை நின்றது. அதை யாரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

“தெரியலடி” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டத் தொடங்கினாள்.