மூட்டைக்குள் இருந்த ஊசி

அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அக்காவும் தங்கையும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளைப் பிரித்து மெஷினில் போட வேண்டும். ஒரு திங்கட்கிழமை ஏதோ ஒரு விரிப்புக்குள் கிடந்த ஊசி தங்கையின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அந்த மாதத்தில் அது மூன்றாவது ஊசி. மாத்திரை கொடுத்தார்கள். தொற்று இல்லை என்று உறுதியாகச் சொல்ல மாதக்கணக்கில் ஆகுமாம்.

அக்கா புகார் எழுதிக் கொடுத்தாள். பதிலுக்கு நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தது.

இஸ்திரி அறையில் எல்லோரையும் உட்காரவைத்து அவர் பேசினார். "அந்தக் காலத்து கிரேக்க ஞானிங்க என்ன சொன்னாங்க தெரியுமா? நடக்கிறது நம்ம கையில இல்ல. அதை எப்படி எடுத்துக்கிறோம்கிறதுதான் நம்ம கையில இருக்கு. கோபத்தை விடுங்க, வாழ்க்கைக்கே ஒரு அர்த்தம் கிடைக்கும்."

சூப்பர்வைசர் பலமாகத் தலையாட்டினார். தங்கை பிளாஸ்திரி ஒட்டிய கையை மடியில் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், குத்தின ஊசியைக் குத்தாம ஆக்குறது என் கையில இல்ல. ஒத்துக்கறேன். இவ ரிசல்ட்டும் இல்ல. அடுத்த மூட்டையைப் பிரிக்கிறதா வேணாமாங்கிறது யார் கையில இருக்கு?"

"அதாவதும்மா..."

"என் கையில இருக்கு," என்று எழுந்தாள்.

தங்கையைக் குத்திய ஊசி வந்த வார்டிலிருந்து அன்று வந்த பதினோரு மூட்டைகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி, லிப்டில் மேலே கொண்டுபோய், அந்த வார்டின் வாசலிலேயே இறக்கினாள்.

தலைமை நர்ஸ் ஓடிவந்தாள். "இங்க எதுக்கும்மா கொண்டாந்து கொட்டுறே?"

"நீங்களே உதறிக் காட்டுங்க சிஸ்டர். அப்புறம் எடுத்துட்டுப் போறேன்."

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த சூப்பர்வைசர் கத்தினார். "மெமோ குடுத்துருவேன்!"

"குடுங்க. கையெழுத்துப் போட என் கை நல்லாத்தான் இருக்கு."

நர்ஸ் கடுகடுவென்று கையுறை மாட்டி, இடுக்கியால் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறினாள். ஐந்தாவதிலிருந்து மூடியில்லாத ஊசி ஒன்று விழுந்து தரையில் உருண்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இது எங்க ஆளுங்க வேலைதான்," என்றாள் மெதுவாக.

மெமோ வந்தது. கூடவே, உதறிய பிறகே மூட்டை கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வார்டுகளுக்கு உத்தரவும் வந்தது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது. ஒன்பது வருடமாக ஷிப்ட் எப்போது முடியும் என்று மணி பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது அரைமணி முன்னதாகவே வந்துவிடுகிறாள்.

தங்கையின் முதல் ரிசல்ட்டில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு பாக்கி.

நேற்று ஒரு வார்டில் விரிப்பை உதறாமலே கையெழுத்துப் போட வந்த உதவியாளரை அக்கா போட்ட சத்தம், கீழ்த்தளம் வரை கேட்டது.