இரண்டு படிவங்கள்

குரானா வீட்டு மொட்டைமாடி அறை அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பொய்யால். அதைச் சொன்னது ராஜவேலும் இல்லை, மதுமதியும் இல்லை, பாலசுப்ரமணியம் மாமா.

மாமா என்றால் உறவு இல்லை. மதுமதியின் அப்பாவோடு பொள்ளாச்சியில் பள்ளிக்கூடம் போனவர். முப்பத்தைந்து வருஷமாக டெல்லியில் இருந்தார். ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். கோயமுத்தூரில் ராஜவேல் வேலை பார்த்த நூல் மில் மூடி அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கேஸ் நடந்துகொண்டிருந்தது. கேட்டில் பூட்டுத் தொங்கியது. அவனைப் போல ஊரில் ஆயிரக்கணக்கான பேர் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். ஓக்லாவில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையலைச் சோதிக்கும் செக்கர் வேலை இருப்பதாக மில்லின் பழைய மேனேஜர் சொல்லியனுப்ப, 2001 மார்ச்சில் இரண்டு பெட்டியும் ஒரு கிரைண்டருமாக இருவரும் டெல்லியில் வந்து இறங்கினார்கள்.

பத்து நாள் மாமா வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு கரோல் பாகில் அறை தேடினார்கள். பிரைவேட் கம்பெனி என்று சொன்னதும் வீட்டுக்காரர்களின் முகம் மாறிவிடும். சர்க்கார் ஆள் என்றால் மாதம் தவறாமல் சம்பளம். மாற்றல் வந்தால் தானாகவே காலி செய்துவிடுவான். மதராசி சர்க்கார் ஆள் இன்னும் விசேஷம்; குடிக்க மாட்டான், சத்தம் போட மாட்டான். பதினோராவது நாள், பால் பூத் வரிசையில் தினமும் பார்த்துப் பழகிய குரானாவிடம் மாமாவே பேசினார். நம்ம செக்ஷன் பையன்தான் என்று இந்தியில் சொல்லி ராஜவேலின் தோளில் கை வைத்தார். ராஜவேலுக்கு அப்போது இந்தி தெரியாது. சிரித்துவைத்தான். அன்று மாலையே சாவி வந்தது.

சொன்னது ஒரு வரி. அதைக் கட்டிக் காப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மத்திய சர்க்காருக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை, ஓக்லாவில் ஆறு நாள். அதனால் சனிக்கிழமைதோறும் ராஜவேல் பக்திமான் ஆனான். நெற்றி நிறைய விபூதி பூசி, டிபன் பாக்ஸைத் துணிப்பைக்குள் ஒளித்து, மேலே நாலு பூவை வைத்துக்கொண்டு, ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்புவான். பஸ் ஏறியதும் நெற்றியைத் துடைத்துக்கொள்வான். இருட்டிய பிறகுதான் திரும்புவான். இத்தனை நேரம் சாமி கும்பிடுகிற ஆளைத் தங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை என்று குரானாவின் மனைவி மதுமதியிடம் ஆச்சரியப்பட்டாள். அவளை இருவரும் ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள்.

"முருகனே நம்பிப்போட்டாரு," என்று மதுமதி கேலி செய்வாள். "பாத்துட்டே இருங்க, பிரமோசன் ஆர்டர் மலைல இருந்து வரப்போகுது."

அக்டோபரில், சர்க்கார் ஆட்களுக்குப் பஞ்சப்படி ஏறிய சமயம், ஒருநாள் ராஜவேல் படியேறும்போது குரானா அவனை நிறுத்திக் கை குலுக்கி, டி.ஏ. வந்துவிட்டதே, வாழ்த்துகள் என்றார். எது என்று கேட்டுவிட்டான் அவன். பிறகு சமாளித்துச் சிரித்தானாம். மேலே வந்து சொன்னபோது மதுமதியும் சிரித்தாள். பிறகு அதை இருவரும் மறந்துபோனார்கள்.

தீபாவளிக்குப் பிறகு கீழ்வீட்டு வேலைக்காரி நின்றுவிட்டாள். ஆன்ட்டிக்கு முழங்கால் வலி. ஏற்கெனவே சனிக்கிழமைகளில் மதுமதி தன் கிரைண்டரில் அவர்களுக்கும் சேர்த்து இட்லி மாவு அரைத்துக் கொடுப்பது உண்டு. இப்போது கடுகுக்கீரை ஆய்ந்து கொடுத்தாள். பிறகு சப்பாத்தி இட்டுக் கொடுத்தாள். பிறகு ஆன்ட்டி குளிக்கப் போகும் நேரத்தில் கூடத்தைத் துடைத்துவிட்டாள். பேட்டி, பேட்டி என்று ஆன்ட்டி வாய்க்கு வாய் மகளாக அழைத்தாள். பி.காம். முடித்து, டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்து, எட்டு இடத்தில் விண்ணப்பம் போட்டு, கம்ப்யூட்டர் தெரியுமா என்று எட்டு இடத்திலும் கேட்கப்பட்டுத் திரும்பியவளுக்கு அந்தச் சொல் இதமாகத்தான் இருந்தது.

நவம்பர் நடுவில் ராஜவேலின் வேலை போயிற்று. செப்டம்பருக்குப் பின் அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வரவில்லை என்றார்கள். செக்கர்களில் பாதிப் பேரை அனுப்பினார்கள்; கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில். பிப்ரவரியில் ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார் சூப்பர்வைசர். அதன் பிறகும் காலை எட்டு நாற்பதுக்கு ராஜவேல் ஷூ மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு இறங்கிப் போனான். நொய்டாவில், நாராய்ணாவில், எங்கெல்லாமோ கேட்டுவிட்டு, ஏதாவது பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஆறரைக்குத் திரும்பினான். இப்போது மலை மந்திருக்கு நிஜமாகவே போனான்.

டிசம்பரில் பார்லிமென்ட் தாக்கப்பட்டது. அடுத்த வாரமே போலீஸ் தெருத் தெருவாக வந்து, குடியிருப்பவர்களின் விவரத்தை வீட்டுக்காரர்கள் எழுதித் தர வேண்டும் என்று சொல்லிப் போனது. குரானா ஒரு படிவத்தை மேலே கொண்டுவந்து கொடுத்தார். சும்மா ஒரு சம்பிரதாயம், ராஜவேல் ஜி, என்றார். இரண்டு போட்டோ, அலுவலக முகவரி, அடையாள அட்டையின் நகல். திங்கட்கிழமைக்குள்.

அவர் இறங்கிப் போன பிறகு இருவரும் அந்தக் காகிதத்தைக் கட்டில்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையை எழுதினால் எழுத வேலையே இல்லை. வேலையில்லாத வெளியூர்க்காரனுக்கு இந்த மாதத்தில் டெல்லியில் வேறு யாரும் அறை தரப்போவதில்லை. அறை போனால் ரயில்தான். ரயில் ஏறினால் பிப்ரவரிக்குத் திரும்பி வர முடியாது. அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதுமதி மட்டும் மாமா வீட்டுக்குப் போனாள். அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே படிவத்தைப் படித்தார். ராஜவேல் அவர் செக்ஷனில் தற்காலிக ஆள் என்று ஒரு கடிதம், லெட்டர்ஹெட்டில், ஒரே ஒரு கடிதம் போதும் என்றாள் அவள்.

"நா அன்னிக்குச் சொன்னது வாய் வார்த்தை, மது," என்றார் மாமா. "இது காயிதம். ஏப்ரல்ல எனக்கு ரிடையர்மென்ட். வாயில சொன்னதுக்கு ஆரும் பென்சன நிறுத்தமாட்டாங்க. காயிதத்துல சொன்னா நிறுத்திருவாங்க."

"நீங்க சொன்னதுனாலதானுங்க மாமா அங்க குடிபோனோம்."

"அச்சா, அச்சா. இல்லைங்கல." அவர் படிவத்தை இரண்டாக மடித்து அவள் கையில் கொடுத்தார். "குரானா வந்து கேட்டா, ஒரு காலத்துல எங்க ஆபீசுக்கு வந்துபோயிட்டிருந்த பையன்னு சொல்லிக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது கண்ணு."

அவர் மனைவி ராஜலக்ஷ்மி காப்பி கொண்டுவந்தாள். மதுமதி அதைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

மற்றவர்கள் சொல்லித் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று வரும் வழியில் முடிவு செய்தாள். ஆன்ட்டி சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மதுமதி எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு பிடி எடுத்து உரித்தபடி, தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னாள். ஓக்லாவை, சனிக்கிழமைகளை, நவம்பரை. ஆன்ட்டியின் கை நிற்கவேயில்லை.

"பதா ஹை," என்றாள் ஆன்ட்டி. தெரியும்.

தீபாவளிக்கு முன்பே தெரியுமாம். டி.ஏ. ஏறியதற்கு வாழ்த்துச் சொன்னால் எது என்று கேட்கிற சர்க்கார் ஆள் இந்த ஊரில் உண்டா என்று அன்று இரவே குரானா சொல்லிச் சிரித்தாராம். வாடகை சரியாக வந்தது, பெண்ணும் நல்ல பெண், போகட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

மதுமதிக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகு, தீபாவளி என்ற சொல் உள்ளே போய்த் தங்கியது. வேலைக்காரி எப்போது நின்றாள், வேறு ஆளை ஏன் தேடவில்லை, கூடத்தை முதன்முதலில் என்று துடைத்தாள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பட்டாணியை உரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆன்ட்டி எழுந்துபோய் அலமாரியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்துவந்தாள். போலீஸ் இரண்டு விதப் படிவம் கொடுத்திருந்தது. ஒன்று குடியிருப்பவர்களுக்கு. மற்றது வீட்டு வேலையாட்களுக்கு. இதில் அலுவலகமும் கேட்பதில்லை, அட்டையும் கேட்பதில்லை. வேலை கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால் போதும். வேலையாளின் புருஷன் என்று ராஜவேலும் இதிலேயே வந்துவிடுவான். வாடகை வேண்டாம், சம்பளமும் கிடையாது. நீதான் எல்லாம் செய்துகொண்டிருக்கிறாயே, பேட்டி, புதிதாக என்ன என்றாள். குரலில் குத்தல் இல்லை. நல்லது செய்கிறோம் என்றே அவள் நினைத்தாள் போலிருந்தது.

ராஜவேல் அந்தப் படிவத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தான்.

"ஊருக்குப் போலாம், எந்திரி."

"போயி?"

"போயி என்னமோ பண்ணலாம். அடுத்தவன் ஊட்ல எச்சப் பாத்திரம் கழுவறதுக்கா உன்னைக் கட்டிட்டு வந்தேன்?"

"எங்கண்ணன் ஊட்லயும் அதைத்தானுங்க கழுவோணும்," என்றாள் மதுமதி. "அங்க அண்ணி பாத்துட்டு நிப்பா. இங்க ஆருக்கும் நம்மளத் தெரியாது. பிப்ரவரி வரைக்கும். ரெண்டே மாசம்."

"கூப்பிடாமப் போனா?"

அவன் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அதில் வைப்பதற்கு எதையும் எடுக்கவில்லை.

ஆன்ட்டிக்கு ஆங்கிலம் எழுதக் கை வராது. குரானாவுக்குக் கண் சரியில்லை. படிவத்தை மதுமதிதான் நிரப்பினாள். டைப்பிங் பரீட்சைக்குப் போன காலத்தில் பழகிய நேரான எழுத்து. பெயர், தகப்பன் பெயர், சொந்த மாநிலம், நிறம், உயரம், உடம்பில் அடையாளம். படிப்புக்கு அதில் இடம் இல்லை. தங்குமிடம் என்ற இடத்தில், சர்வன்ட் ரூம், மொட்டைமாடி என்று எழுதச் சொன்னாள் ஆன்ட்டி. ஒன்பது மாதமாகத் தன் வீடு என்று அவள் கடிதங்களில் எழுதிக்கொண்டிருந்த இடம் அது.

திங்கட்கிழமை பனிமூட்டம். ஆன்ட்டியும் மதுமதியும் ரிக்‌ஷாவில் போலீஸ் ஸ்டேஷன் போனார்கள். வரிசையில் நேபாளிகள், பீகாரிகள், ஜங்புரா மதராசி கேம்ப் குடிசைகளிலிருந்து யார் வீட்டுக்கோ வேலைக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண். மதுமதி கட்டியிருந்த புடவையைப் பார்த்துவிட்டு, "நீங்க ஊட்டுக்காரம்மாவா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று மதுமதி தலையசைத்தாள். அந்தப் பெண் நம்பாமல் பார்த்துவிட்டு, மரியாதையாக ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த ஏட்டு படிவத்தைப் புரட்டினார். எழுத்தைப் பார்த்து, யார் எழுதியது என்று ஆன்ட்டியிடம் கேட்டார். இவள்தான் என்றாள் ஆன்ட்டி, கொஞ்சம் பெருமையாகவே. ஏட்டு நிமிர்ந்து மதுமதியைப் பார்த்தார். அவள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். வேலையாட்களுக்கு ரேகைதான், விதி அப்படி என்றார். இடது கட்டைவிரலை அவரே பிடித்து, உருட்டி, அழுத்தினார்.

திரும்பும்போது ஆன்ட்டி வழியில் இறங்கிக் காய்கறி வாங்கினாள். பைகளை மதுமதியிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு பையாகத்தான் தூக்கி வருவார்கள்.

அன்று முழுக்க ராஜவேல் அறையைவிட்டு வெளியே வரவில்லை. எட்டு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டிய அவசியம் இனி இல்லை. கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ் அப்படியே கிடந்தது.

குரானா தினமும் காலை ஆறரைக்குத் தூக்குப் பாத்திரத்தோடு மதர் டெய்ரி பூத்துக்குப் போவார். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் பாதிப் பேர் அதே வரிசையில் நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை, வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"ராஜு!"

யாரைக் கூப்பிடுகிறார் என்று இருவருக்குமே ஒரு கணம் விளங்கவில்லை. ராஜவேல் ஜி என்றுதான் அவர் இதுவரை அழைத்திருந்தார். இரண்டாம் முறை கூப்பிட்டதும் ராஜவேல் எழுந்தான். செருப்பைத் தேடாமல், பழக்கத்தில் ஷூவை மாட்டி, குனிந்து நாடாவைக் கட்டினான்.

மதுமதி கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்று பார்த்தாள். குரானா வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூக்கை நீட்டினார், காசைக் கொடுத்தார், எத்தனை லிட்டர் என்று விரல் காட்டினார். ராஜவேல் அதை வாங்கிக்கொண்டு பனிக்குள் நடந்தான். ஷூ சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

வரிசையில் இந்நேரம் மாமாவும் நின்றிருப்பார்.