அடுத்தவர் மணி நேரம்

நெடுமுனைக்கும் உப்பந்துறைக்கும் நடுவே விமானத்தில் மொத்தம் நாற்பது மணி நேரம். ஏறுகிறவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இருபது பேர் ஏறினால் ஆளுக்கு இரண்டு மணி நேரம். அவசரக்காரர்கள் தங்கள் பங்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு உடனே இறங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டவர் அதையும் சேர்த்து உட்கார்ந்து தீர்க்க வேண்டும்.

ஸ்தனிஸ்லாஸ் வாங்கிக்கொள்கிற ஆள். நெடுமுனைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகிறவர். 'முடியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. மனைவி தெரசாள் செத்த அன்றைக்கும் பரீட்சைக்குப் போன ஒருத்தனுடையதையும் வக்கீல் ஒருவருடையதையும் வாங்கிக்கொண்டார். உப்பந்துறையில் இறங்கியபோது மண் மூடியாகியிருந்தது.

இன்று மகள் ரெஜினாளுக்கு நிச்சயதார்த்தம், பத்து மணிக்கு. "இன்னைக்கு உங்க ரெண்டு மணி நேரத்தை மட்டும் இருந்துட்டு வாங்கப்பா" என்று போனில் சொல்லியிருந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

ஏழு மணி விமானத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

"அண்ணாச்சி."

பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் எக்ஸ்ரே உறை.

"எட்டு மணிக்கு அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துரணும்."

"எனக்கும் இன்னைக்கு..." என்று ஆரம்பித்தார் ஸ்தனிஸ்லாஸ். அவள் அதற்குள் எக்ஸ்ரே உறையைப் பைக்குள் வைக்கத் தொடங்கியிருந்தாள். "சரி, குடும்மா" என்றார்.

விமானம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு உப்பந்துறையில் இறங்கிப் போனாள்.

ஒன்பது மணிக்கு மற்றவர்களும் இறங்கினார்கள். அவர்களுக்கு விமானம் தரையில் இருந்தது, அவருக்குக் கடல்மேல். பத்து மணி ஆனபோது கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதுகு வலித்தது. கீழே ஒரே தண்ணீர்.

பதினொரு மணிக்கு இறங்கினார். மணல்வெளியில் ரெஜினாள் பட்டுப்புடவையோடு நின்றாள். பின்னால் மாப்பிள்ளை வீட்டார், பழத்தட்டுகள், விரித்த ஜமுக்காளம்.

"நீங்க வராம தட்டை மாத்த மாட்டேன்னுட்டேன். எல்லாரும் இங்கயே வந்துட்டாங்க" என்றாள். சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். "யாருப்பா இன்னைக்கு?"

"ஒரு பிள்ளை. அவ அம்மாவுக்கு ஆபரேஷன்."

"பாத்துட்டாளாமா?"

"பாத்திருப்பா."

ரெஜினாள் அவர் பையை வாங்கிக்கொண்டாள். ஸ்தனிஸ்லாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டடத்தைக் காணவில்லை.

"விமான நிலையம் எங்கம்மா? வருகையைப் பதியணுமே. பதியாம நான் வந்ததா ஆகாதே."

"குளிக்கப் போயிருக்கு. இப்ப வந்துரும்."

ஈர மணலில் அகலமான தடம் ஒன்று அலைவரைக்கும் போயிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஜமுக்காளத்தில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஸ்தனிஸ்லாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.