பின்னால் போன எஞ்சின்

குமுளிக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்தில் மழைக்காலத்தில் வண்டி ஏறுவதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பின்சக்கரம் சேற்றில் வழுக்கத் தொடங்கியதும், வண்டியில் நிற்கும் பெண்கள் யாரும் சொல்லாமலே பின் பம்பரில் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள். பின்பக்கம் பாரம் விழும், டயர் மண்ணைக் கடிக்கும், வண்டி ஏறிவிடும். காய் பறிக்கப் போகிறவளுக்கு அதுவும் ஒரு வேலை. அதற்குத் தனிக் கூலி கிடையாது.

பவுல்ராஜின் பிக்கப் அப்படித்தான் பல மழைக்காலம் ஏறியது. எப்சி முடிந்து ரோட்டுக்கு லாயக்கில்லாமல் போன வண்டி. எஸ்டேட் கேட்டுக்குள்ளே மட்டும் ஓடியது. ஆட்களையும் உரத்தையும் மேல்காட்டுக்கு ஏற்றிப் போகவேண்டும், பச்சை ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோருக்கு இறக்கிவர வேண்டும். போன மழையில் அவன் மனைவி பிலோமி பம்பரிலிருந்து வழுக்கி விழுந்து, வீங்கின கணுக்காலோடு வேலைக்குப் போனாள். வண்டியும் ஏற முடியாமல் அடிக்கடி பாதி வழியில் நின்றது. இந்த வருடம் பறிப்பு தொடங்கும் முன்பே சூப்பர்வைசர் ஏசுரத்தினம் சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழம வண்டி மேல்காட்டுக்கு ஏறணும் பவுலு. ஏறலன்னா ட்ரிப்ப ஜோமோன் ஜீப்புக்குக் குடுத்துருவேன். நீ பழையபடி மருந்தடிக்கப் போயிரு."

ஸ்டீரிங் பிடிக்கும் முன்பு பவுல்ராஜ் மருந்துதான் அடித்துக்கொண்டிருந்தான். டேங்க் பட்டை தோளை அறுக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் மருந்து வாடை அடிக்கும். அவன் இருமலுக்குத் தொழிலாளர் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டுவான். அந்த டேங்கை மறுபடி தோளில் மாட்டக் கூடாது. அவனுக்கு அது ஒன்றுதான் கணக்கு.

வழி சொன்னவன் கம்பத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அழகுமலை.

"பொம்பளைக ஏன் பம்பர்ல ஏறுதாக? பின்னாடி வெயிட் இல்ல. இருக்குற வெயிட்டத் தூக்கிப் பின்னாடி வச்சுட்டா?"

"இருக்குற வெயிட்டு எஞ்சின்தான."

"அதத்தான் மாப்ள நானும் சொல்றேன்."

அடிபட்டுக் கிடந்த ஒரு பழைய காரின் முன்பாதியை அழகுமலை வாங்கி வைத்திருந்தான். முன்சக்கரம் இழுக்கும் கார். எஞ்சின், கியர்பாக்ஸ், ரெண்டு சக்கரம் எல்லாம் ஒரே கட்டாக இருந்தது. அதை லாரியில் எஸ்டேட்டுக்கே கொண்டுவந்து, அப்படியே பிக்கப்பின் பின்பாதியில் உட்கார வைத்தார்கள். திரும்பும் சக்கரம் திரும்பாமல் இருக்க அதன் ராடுகளைச் சேசிஸோடு வைத்துப் பற்றவைத்தான். கியருக்கு நீளக் கேபிள். ரேடியேட்டர் மூக்கிலேயே இருந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் வண்டியின் வயிற்றுக்கடியில் பின்னால் ஓடியது. பழைய எஞ்சினைக் கப்பியில் தூக்கியபோது பானட்டுக்குள் தரை தெரிந்தது. பின்னால் எஞ்சினுக்கு மேலே தகரத்தில் ஒரு பெட்டி போட்டு மூடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து பவுல்ராஜ் வெறும் வண்டியை மேட்டில் ஏற்றினான். மழை பெய்து மண் களியாகக் கிடந்தது. வண்டி ஒரு தடவை கூடத் திணறவில்லை. அவன் மேல்காடு வரை போய்த் திரும்பி வந்தான். ஜோமோன் தன் ஜீப்பில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மலையாளி என்றாலும் லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், தமிழ் நன்றாக வரும்.

"பவுலண்ணே, கியர் போட்டா வண்டி முன்னால போகுமா, பின்னால போகுமா? சொல்லிட்டா ஒதுங்கி நிப்பேன்."

"நீ மேல நின்னாலும் கீழ நின்னாலும் ஒதுங்கிக்கோ."

"பானட்டுக்குள்ள கோழி வளக்கலாம்போல இருக்கு. நல்ல இடம்."

பவுல்ராஜ் சிரித்தான். சிரிக்கிற நிலையில்தான் அன்றைக்கு இருந்தான்.

திங்கள் காலையில் பெண்கள் ஏறினார்கள். பெட்டியை ஒட்டி நின்றவர்கள் தகரம் சூடாகச் சூடாகப் பின்னால் நகர்ந்தார்கள்.

"அடுப்பு மேல ஏத்திவிட்டிருக்கீக," என்றாள் லிஜி. பிலோமிக்குப் பக்கத்து நிரையில் காய் பறிப்பவள். "பிலோமியக்கா, கஞ்சிப் பானையக் கொண்டாந்திருக்கலாம்."

"பேசாம வா. இனிமே பம்பர்ல தொங்க வேண்டாம்ல, அதுக்குச் சந்தோசப்படு," என்றாள் பிலோமி.

ஏசுரத்தினம் இரண்டாவது வளைவில் குடையோடு நின்றார். வண்டி வளைவுக்கு வந்தது. அங்கே ஊற்றுத் தண்ணீர் எப்போதும் கசியும். பின்சக்கரம் ஒரு கணம் சும்மா சுற்றியது, அவ்வளவுதான். விட்டிருந்தால் அதுவே பிடித்திருக்கும். ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பெண்களின் கால் யோசிக்கவில்லை. எல்லாரும் பம்பரில் இறங்கிக் குதித்தார்கள். பிலோமியும்தான்.

பவுல்ராஜின் கையில் ஸ்டீரிங் திடீரென்று இலேசாகிப்போனது. வளைத்தான். சக்கரம் வளைந்தது, வண்டி வளையவில்லை. முன்பக்கம் மண்ணை விட்டு எழும்பியிருந்தது. அது நேராகப் போய் ஓரத்து வடிகால் கானில் ஒரு சக்கரத்தை இறக்கி, நிழல் மரத்தில் சாய்ந்து நின்றது. பெண்கள் குதித்து இறங்கிவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை. லிஜியின் சோற்றுத் தூக்கு மட்டும் உருண்டு கீழே போனது.

பின்னால் ஜீப்பில் வந்த ஜோமோன் ஹாரன் அடித்தான்.

ஏசுரத்தினம் குடையை மடக்காமலே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "ஏறல," என்றார்.

"ஏறுச்சு சார். திரும்பல."

"ரெண்டும் ஒண்ணுதான் பவுலு. ஆளு செத்தா நான்தான் பதில் சொல்லணும்."

பவுல்ராஜ் வலது தோளை ஒரு தடவை தடவிக்கொண்டான். பிலோமி சேற்றுக் காலோடு முன்னால் வந்தாள்.

"ஏங்க, நாங்க குதிச்சோம்ல, அப்பத்தான் மூக்கு தூக்குச்சு. நான் பம்பர்லருந்து பாத்தேன், கூரைக்கு மேல மரம் தெரிஞ்சது, அப்புறம் வானம் தெரிஞ்சது. இது பழைய வண்டின்னு நெனச்சு மிதிச்சுட்டோம்."

"குதிக்கக் கூடாதுன்னு நேத்தே சொல்லிருக்கணும்."

"சொன்னாலும் குதிச்சிருப்போம். சத்தம் கேட்டா காலு நிக்காது."

அவன் மூடிக் கிடந்த பானட்டைப் பார்த்தான். பிறகு ஏசுரத்தினத்தைப் பார்த்தான். "சார், இன்னொரு தடவ. ஆளு வேண்டாம்."

எல்லாரும் சேர்ந்து வண்டியைக் கானிலிருந்து தள்ளினார்கள். ஜோமோனும் தோள் கொடுத்தான். வாயும் கொடுத்தான். கீழே போய் ஸ்டோரிலிருந்து ரெண்டு உர மூடையைத் தூக்கி, கோழி வளர்க்கலாம் என்று ஜோமோன் சொன்ன இடத்தில் பலகை போட்டு வைத்துக் கட்டினான் பவுல்ராஜ். மேல்காட்டுக்குப் போகவேண்டிய மிச்ச மூடைகளைப் பெட்டியை ஒட்டி முன்தள்ளி அடுக்கினான்.

"எஞ்சினத் தூக்கிட்டு மூடைய வச்சிருக்காரு," என்றான் ஜோமோன். "இதுக்கு அது அங்கயே கெடந்திருக்கலாம்."

"எஞ்சின இறக்கிவச்சுட்டு வர முடியாது. மூடைய மேல இறக்கிட்டு வருவேன்."

இரண்டாவது வளைவில் பின்சக்கரம் மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றியது. இந்தத் தடவை யாரும் குதிக்கவில்லை. டயர் பிடித்தது. ஸ்டீரிங் கையில் கனமாகவே இருந்தது. வண்டி வளைந்து, குடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"வர்றப்ப மூக்கு வெறுமனேதான வரும்?" என்றார் ஏசுரத்தினம்.

"இறக்கத்துல தானா அழுந்தும் சார்."

ஏசுரத்தினம் மேலேயும் கீழேயும் பார்த்தார். "சரி. உரமும் காயும் நீ எடு. ஆளுக ஜோமோன் ஜீப்புல வரட்டும். மூடை குதிக்காது."

பாதி ட்ரிப்தான். ஆனால் மருந்து டேங்க் இல்லை. பவுல்ராஜ் தலையாட்டினான்.

மறுநாள் காலை ஜோமோனின் ஜீப் முன்னால் ஏறியது, உரத்தோடு பிக்கப் பின்னால் போனது. ஊற்று கசியும் இடத்தில் ஜீப்பின் சக்கரம் வழுக்கியது. பெண்கள் இறங்கிப் பம்பரில் நின்றார்கள். பிலோமி ஓரத்தில், போன வருடம் வீங்கின காலை உள்பக்கம் வைத்து, கம்பியைப் பிடித்துக் குதித்தாள். குதிக்கிறபோதெல்லாம் பின்னால் வருகிற புருஷனைப் பார்த்தாள்.

"என்னத்தச் சிரிக்கிறீக?" என்று கத்தினாள்.

அவன் சிரிக்கவில்லை. ஜீப் ஏறிப்போகும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றான். பிறகு கியரைப் போட்டான்.