மச்சானின் ஒரு மணிச் சாப்பாடு

உலகத்தில் தொலைபேசியை முறையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் காலமாகிவிட்டார்கள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தாறு வருடம் லைன் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற எக்ஸ்சேஞ்ச்காரர் இதைப் பெருமைக்காகச் சொல்வதில்லை. தகவலாகத்தான் சொல்வார். ஊரடங்கில் வேறு ஆள் சிக்காததால் மனைவியிடமே தினம் இரண்டு தடவை சொன்னார்.

அவளுக்குக் காதுகொடுக்க நேரமில்லை. அவளுடைய அண்ணன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், வேறு ஊரில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்வார். சாப்பிட மறந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். இரண்டு முறை மயங்கி விழுந்தாயிற்று. அதனால் பகல் ஒரு மணிக்கு அவள் செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, வீடியோவில் அண்ணனுக்குச் சோறு ஊட்டினாள். நிஜமாகவே ஊட்டினாள். "ஆ காட்டுண்ணே" என்று உருண்டையைத் திரைக்கு நேரே நீட்டுவாள். அங்கே அவர் வாயைத் திறந்து, தன் தட்டிலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொள்வார். நீட்டிய உருண்டையை இவள் தின்பாள்.

"போனுக்குக் காது உண்டு, வாய் உண்டு. வயிறு கிடையாது" என்றார் எக்ஸ்சேஞ்ச்காரர். "எழுபது வயசு ஆளுக்கு ஊட்டுறியே, அப்படியே இடுப்புல தூக்கி வச்சு நிலாவும் காட்டேன்."

"உங்களுக்கென்ன, நீங்கபாட்டுக்குத் தின்னுட்டுப் படுங்க."

மூன்றாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்சில் ஏறும்போது செல்போனை அவர் கையில் திணித்து, மூச்சுவாங்க ஒன்றுதான் சொன்னாள்: "அண்ணன்... ஒரு மணி." எக்ஸ்சேஞ்ச்காரருக்குச் சோதனையில் ஒன்றுமில்லை. வைரஸ்கூட அவர் பேச்சைக் கேட்க நிற்கவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு அழைத்தார். போனைக் காதில் வைத்திருந்ததால் மச்சானுக்குக் காதுதான் தெரிந்தது.

"மாப்ள, காதுல முடியை வெட்டுங்க."

போனை இறக்கினார். "ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு. அவ எப்படி இருக்கா?"

"ஆக்சிஜன் வச்சிருக்காங்க. பேச முடியாதாம். நீங்க சாப்பிடுங்க."

"தொண்டையில இறங்கல மாப்ள."

தட்டு மச்சான் முன்னால் தொடாமல் இருந்தது. நெற்றி வியர்த்திருந்தது. எக்ஸ்சேஞ்ச்காரர் அதட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தங்கச்சியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன.

மணி ஒன்று இருபது.

எக்ஸ்சேஞ்ச்காரர் எழுந்துபோய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். போனைச் செம்பில் சாய்த்தார். பக்கத்து வீட்டுப் பக்கமிருந்த ஜன்னலைச் சாத்தினார். ஓர் உருண்டை பிடித்து, போனின் கீழ்முனையில் நீட்டினார். முப்பத்தாறு வருடமும் அவர் பழுதுபார்த்த போன்களுக்கு வாய் அங்கேதான் இருந்தது.

"என்ன மாப்ள, மணிக்கட்டுதான் தெரியுது."

உருண்டையை மேலே கொண்டுபோனார்.

"ஆ காட்டுங்க மச்சான்" என்றார், சுவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

மச்சான் நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காட்டினார்.

அவர் மென்று விழுங்கும்வரை எக்ஸ்சேஞ்ச்காரர் காத்திருந்தார். அடுத்த உருண்டையைக் கொஞ்சம் சின்னதாகப் பிடித்தார்.