கேட்காத விசில்

அம்பாசிடரின் டிக்கிக்குள் இடுப்பு வரை நுழைந்து, ஸ்டெப்னி டயரின் மேல் முழங்கையை ஊன்றியபடி, கன்னியப்பன் டெஸ்ட் விளக்கின் ஊசியால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்பு எரிந்தது. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. பாட்டரியிலும் குறையில்லை. வெளியே ஆம்பூர் வெயில் தோல் பதனிடும் ஷாப்பின் முற்றத்தில் காய்ந்து, சுண்ணாம்புக் குழிகளின் நாற்றத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

கார், ஷாப் முதலாளி அதாவுல்லா பாயுடையது. டிக்கியில் இருந்த சாமான்கள் அவர் மகன் மஹபூப் பாஷா போன மாதம் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. வரிவரியான அலுமினியப் பெட்டி ஆம்ப்ளிஃபயர். அதன் பக்கத்தில் ட்ரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு மரப்பெட்டி. அதில் சாப்பாட்டுத் தட்டைவிட அகலமான ஸ்பீக்கர். பாட்டின் அடிச்சத்தத்துக்கென்றே தனியாகச் செய்ததாம். சப்வூஃபர் என்று சொன்னான் மஹபூப். வேலூரில் ஒரு கடையில் கொடுத்து மாட்டியும் சரியாக வரவில்லை. கடைசியில் ஷாப்பின் எலக்ட்ரீஷியன் கன்னியப்பனையே கூப்பிட்டுவிட்டான்.

"ஞாயித்துக்கெழம மேல்விஷாரத்துல தங்கச்சி நிக்காஹ், மிஸ்திரி. அதுக்குள்ள ஆவணும்," என்றான். "பேஸ் சுத்தமா வர்ல. வண்டிய ரேஸ் பண்ணா விசில் மாதிரி ஒரு சத்தம் வருது. கொய்ய்ன்னு. பாட்டையே முழுங்கிடுது. இதோ, கேக்குதா?"

ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கன்னியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டான். என்ஜின் உறுமியது. ஏதோ ஒரு ஹிந்திப் பாட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவதுபோல மங்கலாக வந்தது. விசில் எதுவும் இல்லை.

"கேக்குது சின்ன பாய்," என்றான். "ஜாஸ்தியாத்தான் இருக்குது. பாத்துர்றேன்."

பதினாறு வருஷமாக அவன் ஷேவிங் மெஷின் கொட்டகையில் இருந்தான். பதனிட்ட ஈரத் தோலைச் சீவி மெல்லிசாக்கும் மெஷின்கள் நான்கு, காலை எட்டு மணிக்கு அலறத் தொடங்கினால் மாலைவரை அலறிக்கொண்டே இருக்கும். மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள அவற்றின் நடுவிலேயே அவனுக்கு ஒரு ஸ்டூல். அவன் காதுக்கு முதலில் சில்வண்டுச் சத்தம் போனது. அடுத்து சைக்கிள் மணி. இரண்டு வருஷமாக மனைவி பூவம்மாளின் பேச்சில் பாதி, உதட்டைப் பார்த்தால்தான் புரிகிறது. அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கொட்டகையில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அந்தக் கத்தலுக்குள் அவன் ஒளிந்துகொண்டிருந்தான்.

பேஸ் என்கிற அடிச்சத்தம் வராத கோளாறைக் கண்டுபிடிக்கக் காது தேவைப்படவில்லை. மரப்பெட்டியின் வயர்களைக் கழற்றி, டார்ச் லைட்டின் செல் ஒன்றை அவற்றில் தொட்டுப் பார்த்தான். ஸ்பீக்கரின் கருப்புக் காகிதம் முன்னால் வராமல் உள்ளே போனது. கடைக்காரன் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருந்தான். முன்னால் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் தள்ள, இது இழுத்துக்கொண்டிருந்தது. வயரை மாற்றிப் பாட்டை வைத்தான். பெட்டியின் மேல் வைத்திருந்த உள்ளங்கையில் அடி விழுந்தது. அது மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஏறியது. இவ்வளவு தெளிவாக ஒரு பாட்டைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கையை எடுக்க மனம் வராமல் சற்றுநேரம் அப்படியே வைத்திருந்தான்.

விசில்தான் அகப்படவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும், தோலின் ஓரம் வெட்டும் பிரிவிலிருந்து பூவம்மாளை அழைத்து வந்தான். அவள் சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து காரின் பக்கத்தில் நின்றாள்.

"இன்னாங்க இது, யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். விசில் வருதான்னு நீ கேளு. சத்தம் ஜாஸ்தியானா கைய மேல தூக்கு. கம்மியானா எறக்கு."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அவள் கை மெல்ல உயர்ந்து தலைக்கு மேலே போனது. காலை எடுத்தான், கை இறங்கியது. மறுபடி மிதித்தான், மறுபடி ஏறியது. தான் கேட்காத ஒரு சத்தத்தை, கண்ணாடி வளையல் போட்ட அந்தக் கையில் பார்த்தான்.

அதன்பிறகு வேலை அவனுக்குத் தெரிந்த வேலை. ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரை வேலூர்க்காரன் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தான். கன்னியப்பன் அதைக் கழற்றி, தகரம் வெள்ளையாகப் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப முடுக்கினான். மிதித்தான். கை தோள்வரை வந்து நின்றது. பாட்டு வரும் மெல்லிய வயர், பாட்டரியிலிருந்து வரும் தடித்த வயரோடு ஒட்டிக்கொண்டு ஒரே பக்கமாகப் போவதை அப்போதுதான் பார்த்தான். அதை உருவியெடுத்து, காலடி விரிப்புக்குக் கீழே எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனான். சோற்று நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. மிதித்தான். பூவம்மாளின் கை இடுப்பருகே இருந்தது. இன்னும் அழுத்தி மிதித்தான். கார் நடுங்கியது. கை அசையவில்லை. அவள் சிரித்தாள்.

"இல்லீங்க. சுத்தமா இல்ல."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் சாப்பிடவில்லை. அவள் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று மாலை மஹபூப் பாஷா காரை முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டான். "வேலூர்ல முடியாதத முடிச்சிட்ட மிஸ்திரி! நீ நம்ம தோஸ்த்து!" ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காரைச் சூழ்ந்து நின்றார்கள் என்று டிரைவர் கவுஸ் பாஷா திங்களன்று வந்து சொன்னான்.

கவுஸ் பாஷா இன்னொன்றும் சொன்னான். கல்யாணப் பந்தியில் சின்ன பாய் ஒரு வேடிக்கை சொன்னானாம். மாடி ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தானாம். எலக்ட்ரீஷியன் வண்டியை மிதிக்க, அவன் சம்சாரம் பக்கத்தில் நின்று டிராஃபிக் போலீஸ் மாதிரி கையை ஏற்றி இறக்கினாளாம். "நம்ம மிஸ்திரிக்குக் காது அவரு சம்சாரந்தான்" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். பெருமையாகத்தான் சொன்னான் என்றான் கவுஸ் பாஷா. பந்தியில் மேனேஜர் ராஜகோபாலும் இருந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை கன்னியப்பன் கொட்டகையில் ஒரு மோட்டாரின் ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் ராஜகோபால்.

"அஞ்சு தடவ கூப்ட்டேன், கன்னியப்பன்."

"மெஷின் சத்தம் சார்."

"மெஷின் நின்னு பத்து நிமிஷம் ஆச்சு."

கன்னியப்பன் திரும்பிப் பார்த்தான். நான்கு மெஷின்களின் பெல்ட்டுகளும் நின்றிருந்தன. அவன் தலைக்குள் மட்டும் அவை ஓடிக்கொண்டே இருந்தன.

டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கடிகாரத்தைக் காதருகே பிடித்துப் பார்த்துவிட்டு, காது மந்தம் என்று சீட்டு எழுதினார். வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ராஜகோபால் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார்.

"நாளைக்கு ஒருத்தன் கை மெஷின்ல மாட்டிக்குதுன்னு வை. 'நிறுத்து'ன்னு கத்துறான். ஒனக்குக் கேக்காது. யார் பதில் சொல்றது?"

"இந்த மெஷின் பக்கத்துலயே நின்னுதான் சார் போச்சு."

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்பா."

"எனக்கு நாப்பத்திரெண்டு சார்."

ராஜகோபால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். உதடு தெரியாததால் அது கன்னியப்பனுக்கு எட்டவில்லை.

"சின்ன பாய்ட்ட ஒரு வார்த்த பேசிக்கட்டுமா சார்?"

"அவரு திரும்ப சிங்கப்பூர் போய்ட்டாரு."

கிளார்க் அரங்கநாதன் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். குனிந்த தலையோடு, வாய்க்குள்ளேயே அதைத் தமிழில் படித்துச் சொன்னார். கீழே கொட்டகையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'ராஜினாமா', 'சொந்த விருப்பம்' என்ற வார்த்தைகள் மட்டும் கன்னியப்பனுக்குப் புரிந்தன. மற்றதை இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தான். சொல்லச் சொன்னால், கேட்கவில்லை என்பதை அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

படியிறங்கி வரும் வழியில் ஷேவிங் கொட்டகை இருந்தது. அவனுடைய ஸ்டூலில், ஜோலார்பேட்டையிலிருந்து புதிதாக வந்திருந்த எலக்ட்ரீஷியன் கங்காதரன் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது மெஷினின் பேரிங்கில் ஏதோ சந்தேகம் போலிருக்கிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் பேரிங்கின் மேல் ஊன்றி, மரக்கைப்பிடியைத் தன் காதுக்குழிக்குள் அழுத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தான்.