பிரெஞ்சுக்காரியின் வாய்

சனிக்கிழமை காலையில் லட்சுமிநாராயணன் இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டே, "நேத்துப் பாத்த பிரெஞ்சுப் படத்துக்கு நீயும் ஒரு நடை வா. ஒனக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு" என்றான்.

"வெள்ளைக்காரி மூஞ்சியப் பாத்து எனக்கு என்ன ஆகணும்? இன்னொரு இட்லி வைக்கவா, வேண்டாமா?" என்றாள் வசுந்தரா.

"வை."

அவ்வளவுதான். ஒரு தறிக்காரரைப் பார்க்க வண்டியூருக்குச் சைக்கிளில் போனவன், தெப்பக்குளத்துப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

சினிமா இன்னும் பேசத் தொடங்காத காலம் அது. லட்சுமிநாராயணனின் சாயக்கடைக்குப் பட்டுநூல் கொண்டுவருகிறவன் நிறத்தைச் சொல்வதற்கு முன்னால் இவன் படத்தைச் சொல்லிவிடுவான். "அந்த ஜெர்மன் படத்தை விட்றாதப்பா. இத்தாலிக்காரன் எடுத்தது ஒண்ணு வருது, கடனை வாங்கியாவது பாத்துரு." சிவப்புக் கேட்டு வந்தவன் முழித்துக்கொண்டு நிற்பான். ஊரில் ஒருத்தரை அவன் பாக்கி வைத்ததில்லை, பெண்டாட்டியைத் தவிர. அவளிடம் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஊமைப் பொம்மைகளைப் பார்த்துவிட்டு வந்து உருகுகிற ஆம்பிளைகளை அவள் வாயால் கிழிகிழி என்று கிழித்திருக்கிறாள். பதினைந்து வருஷத்தில் அவளுக்கென்று அவன் சொன்ன ஒரே படம் அந்தப் பிரெஞ்சுப் படம்தான்.

அப்படி அதில் என்ன இருந்தது? துக்கம் கேட்க வந்தவர்கள் எழுந்து போகுமுன் அவள் அதைத்தான் கேட்டாள். ஊருக்கே படம் சொன்னவனின் சிநேகிதர்கள் ஆயிற்றே, ஒருத்தனுக்காவது கதை சொல்லத் தெரியாதா என்று பார்த்தாள்.

கொழுந்தன் வெங்கடரமணன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அண்ணனோடு கூடவே உட்கார்ந்து பார்த்தவன். "பேராசை பெரிய கேடுங்கிறதுதான் மதனி அதோட சாரம். கப்பல் முதலாளி ஒருத்தன் இருக்கான். அவன் கடைசியில அழிஞ்சு போறான்" என்றான். பரீட்சைக்குக் குறிப்பு எழுதித் தருகிற குரல். இவனிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருந்தது.

கொல்லைப்பக்கத்து வீட்டுப் பக்கீர் முகமது வேறு மாதிரி. "புயல் ஒண்ணு காட்டுறான் பாரு தங்கச்சி, கொட்டகையே தண்ணியில மெதக்குற மாதிரி இருந்துச்சு! எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துருச்சு!"

"புயலை வச்சு எனக்கு என்னண்ணே? அதுல பொம்பளையே இல்லையா?"

"இல்லாம என்ன? மாலுமியோட சம்சாரம் ஒருத்தி வருவா. உத்தமி. பேச்சு மூச்சு பூரா புருஷன்தான். தெய்வமா நெனச்சுக்கிட்டு வாசல்ல நிப்பா."

வசுந்தரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் நிற்கிற உத்தமியா? அதுவா நான்? பதினைந்து வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்குத் தெரிந்தது இம்புட்டுத்தானா? செத்தவன்மேல் வந்த கோபத்தை யாரிடம் கொட்டுவது? அழுகைகூட நின்றுபோனது. அழாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று சொந்தக்காரப் பெண்கள் குசுகுசுத்தார்கள். அவர்களையும் அவள் மனிதர்களாக மதிக்கவில்லை.

படம் திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தது. நாலு மாதம் கழித்து, மெட்ராசுக்குத் திரும்புகிற வழியில் இரண்டே நாள் மதுரையில் ஓடப்போகிறது என்று பக்கீரின் மனைவி மெஹருன்னிசா கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள்.

"நான் பாக்கணும், மெஹரு."

"அல்லாவே! ஒன் கொழுந்தன் அறிஞ்சா ஒன்னயப் பரமக்குடிக்கு, ஒங்கப்பன் வீட்டுக்கு வண்டி ஏத்திருவான்டி."

தலைத் திவசம் முடியும்வரை வாசற்படி தாண்டக் கூடாது என்பது வெங்கடரமணன் போட்ட உத்தரவு. வீட்டுக்குப் பெரியவன் இப்போது அவன்தான். ஆனால் கொல்லைக் கதவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மெஹருன்னிசாவின் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு, அவளுடைய கையைப் பிடித்தபடி வசுந்தரா தகரக் கொட்டகைக்குப் போனாள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே திரை போட்டு மறைத்திருந்தது. புழுக்கம்.

வெள்ளித்திரைக்குப் பக்கத்தில் முத்துக்கருப்பன் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். நடுநடுவே வரும் இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கத் தெரியாத ஜனத்துக்குக் கதை விளக்குகிறவன். பழைய நாடகக்காரன். அவன் வாயில் விழுந்தால் எந்த நாட்டு ராஜாவும் நாடக மேடை ராஜாதான்.

கப்பல் வந்தது. முதலாளி வந்தான். கடைசியாக மாலுமியின் பெண்டாட்டி வந்தாள். பெரிய மூக்கு, மடக்கிவிட்ட சட்டைக்கை, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. மாலுமி சம்பளத்தில் தூரத்தைக் கிட்டே காட்டுகிற ஒரு கண்ணாடிக் குழாய் வாங்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். அவள் குழாயைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்தாள். வாய் திறந்தது.

முத்துக்கருப்பன் குரல் குழைந்தது. "பிராணநாதா! தங்கள் சித்தம் என் பாக்கியம்!"

வசுந்தரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த உதடு போகிற வேகமென்ன, புருவம் ஏறுகிற ஏற்றமென்ன! பாக்கியம் என்கிற வாயா அது? சட்டியைத் தூக்கி வைத்த தினுசிலேயே தெரியவில்லையா? மாலுமி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கச்சேரி கேட்கிறவன்போல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஏச்சுக்கும் அவன் முகம் மலர்ந்தது. படம் எடுத்தவனும் அவள் முகத்தைவிட்டு நகர மனசில்லாமல் நின்றான்.

"நாதா! தங்கள் பாத தூளியே..."

"அட மடப்பயலே!" வசுந்தராவுக்கே தெரியாமல் குரல் எழும்பிவிட்டது. "எங்கடா அப்படிச் சொல்றா? 'அடுப்புல பூனை தூங்குது, தொரைக்குக் கண்ணாடிக் குழாய் கேக்குதோ'ன்னு கேக்குறாடா!"

பெண்கள் பக்கம் வெடித்துச் சிரித்தது. மெஹருன்னிசா அவள் தொடையைக் கிள்ளினாள். பின்னாலிருந்து ஒருத்தி, "அக்கா, இப்ப என்ன சொல்றா?" என்றாள்.

"'ஒன்னயக் கட்டுனதுக்கு அந்தக் கடல்ல விழுந்திருக்கலாம்'ங்கிறா."

முத்துக்கருப்பன் தொண்டையை உயர்த்தினான். இவளும் உயர்த்தினாள். ஆண்கள் பக்கமிருந்து சீழ்க்கை பறந்தது. துப்பட்டிக்குள்ளே அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நாலு மாதம் வராத அழுகை.

விளக்குப் போட்டதும் திரைச்சந்து வழியாகப் பார்த்தாள். நாலாவது பெஞ்சில் வெங்கடரமணன், கழுத்தைத் திருப்பிப் பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் பேசும் பட்டுநூல்காரர் பாஷையில், மெதுவாகத்தான் ஆரம்பித்தான்.

"கொட்டகையில துப்பட்டி போட்ட பொம்பள ஒருத்தி ஒரே கத்தல். குரல் உங்க குரல் மாதிரியே இருந்துச்சாம்."

"அப்படியா? அந்தப் பொம்பளைக்கு அறிவிருக்கும்போல."

"மதனி, வெளையாட்டில்ல. பரமக்குடிக்கு எழுதிப் போட்ருவேன்."

"எழுது. அண்ணன் செத்து வருஷம் திரும்பலே, கொட்டகையில உக்காந்து கேட்டேன்னு முதல் வரியில எழுது. பேராசை பெரிய கேடுன்னு ரெண்டாவது வரியில எழுது."

அவன் முகம் சிவந்தது. சட்டைப் பொத்தானைத் திருகினான். பிறகு வேறு குரலில் சொன்னான்: "அன்னைக்குப் படத்துல அந்த மாலுமி பொண்டாட்டி வந்தப்பல்லாம் அண்ணன் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. எதுக்குன்னு நான் கேக்கலே. அதான், இன்னொரு தடவை பாக்கலாம்னு..."

"பாத்தியா? புரிஞ்சுதா?"

"இன்னைக்குப் புரிஞ்சுச்சு."

"வாத்தியாருக்கு இம்புட்டு நாளாச்சு" என்று அவள் முறத்தைத் தட்டினாள். பரமக்குடிப் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மறுநாள் கடைசி ஆட்டத்துக்குப் பக்கீர் முகமது போய்வந்தார். பிரெஞ்சுக்காரி இப்போது என்ன பேசுகிறாள் என்று வசுந்தரா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"பழையபடி பிராணநாதான்னுதான் தங்கச்சி" என்றார் அவர்.